சட்டப் பள்ளி, இறையியல் பள்ளி முதுநிலை மாணவர்களின் எழுத்துக்கு எப்படித் துணைநிற்பது?

நெய்தல்நிலா:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் வடகிழக்கில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் எழுத்து மையத்தில் பணிபுரிகிறேன். இளநிலை மாணவர்களுக்கும், வரலாறு, மானுடவியல் போன்ற துறைகளில் ஆய்வேடு எழுதுகிறவர்களுக்கும் துணைசெய்தே பழகியவள். இந்தப் பருவத்திலிருந்து சட்டப் பள்ளி, இறையியல் பள்ளி ஆகிய இரண்டின் முதுநிலை மாணவர்களையும் என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் தனித்தனியாக ஆள் போட நிதி இல்லை என்பதுதான் இந்த இணைப்புக்குக் காரணமாக இருக்க வேண்டும். வேறு ஆழ்ந்த காரணம் எதுவும் எனக்குச் சொல்லப்படவில்லை. நான் சட்டமும் படித்ததில்லை, இறையியலும் படித்ததில்லை.

இதுவரை வந்தவர்களில் மூவரைப் பற்றி, ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன்.

முதலாமவர் இந்தியாவில் வழக்கறிஞராக இருந்துவிட்டு எல்.எல்.எம். என்ற ஓராண்டு முதுநிலைச் சட்டப் படிப்புக்கு வந்தவர். கருத்தரங்க வகுப்புக்காக அவர் எழுதியிருந்த நீண்ட கட்டுரையின் முற்பாதி முழுவதும் சட்டத்தின் வரலாறாகவும், தீர்ப்புகளிலிருந்து எடுத்த அரைப்பக்க மேற்கோள்களாகவும் இருந்தது. அவர் உண்மையில் எதை நிறுவ முயல்கிறார் என்பது பிற்பகுதியில் ஒரு பத்தியின் நடுவில்தான் தென்பட்டது. அதை முன்னுக்குக் கொண்டுவரலாமே என்றபோது, "அடித்தளம் போடாமல் முடிவை எப்படிச் சொல்வது?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் இருப்பதாகவே எனக்கும் பட்டது.

இரண்டாமவர் அமெரிக்காவின் அடிப்படைச் சட்டப் பட்டமான ஜே.டி.யில் முதலாண்டு மாணவி. சட்ட எழுத்து வகுப்பின் மெமோ (ஒரு வழக்கின் சட்டநிலையை அலசும் குறிப்பு) ஒன்றைக் கொண்டுவந்தார். முதல் பக்கத்தைப் படித்து முடித்தபோது, "இதை உங்களிடம் காட்டலாமா கூடாதா என்றே எனக்குத் தெரியவில்லை" என்றார். அத்துடன் தாளை மூடி அவரிடமே கொடுத்துவிட்டேன்.

மூன்றாமவர் பல ஆண்டுகள் சபை ஊழியம் செய்துவிட்டு, நடுவயதில் எம்.டிவ். என்ற முதுநிலை இறையியல் பட்டம் படிக்க வந்திருக்கும் அம்மையார். மாற்கு நற்செய்தி 16:1–8 பகுதிக்கு விளக்கக் கட்டுரை எழுதியிருக்கிறார். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் "நாம்" என்று தொடங்கி "நாம்" என்றே முடிகிற பிரசங்கமாக இருக்கிறது. பேராசிரியர் ஓரத்தில் "இது பிரசங்கம், விளக்கம் அல்ல" என்று மட்டும் எழுதித் திருப்பியிருக்கிறார். அம்மையார் என்னிடம், "என் விசுவாசத்தை வெளியே வைத்துவிட்டு எழுதச் சொல்கிறாரா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

என் கேள்வி இதுதான். துறையறிவு இல்லாத ஒருவர் இந்த மாணவர்களுக்கு எதுவரை உதவலாம்? இரண்டு துறைகளும் அதிகாரமுடைய நூல்களை முன்வைத்து வாதிடுபவை என்பதால், இரண்டுக்கும் பொதுவாக ஒரே பயிற்சிப் பட்டறை நடத்தலாம் என்று எங்கள் இயக்குநர் கருதுகிறார். அது பலன் தருமா?


மேல்முறையீடு:

வணக்கம். சட்டப் பள்ளி ஒன்றில் முதலாண்டு சட்ட எழுத்து வகுப்பு நடத்துபவன் என்ற முறையில், உங்கள் இரண்டாம் மாணவியிலிருந்து தொடங்குகிறேன். ஏனென்றால் அதுதான் அவசரமானது.

தாளை மூடியது மிகச் சரி. முதலாண்டு எழுத்து வகுப்பில் மதிப்பெண்ணுக்குரிய பணியை வெளியார் எவரிடமும் காட்டக் கூடாது என்று பல சட்டப் பள்ளிகளில் விதி உண்டு. சில இடங்களில் சக மாணவரிடம் பேசுவதற்குக்கூடத் தடை இருக்கும். ஒரே வகுப்பில் முதல் மெமோவுக்கு ஒரு விதியும், பருவ இறுதியில் வரும் பிரீஃபுக்கு (நீதிமன்றத்துக்கு எழுதும் வாதுரைக்கு) வேறொரு விதியும் இருப்பது வழக்கம். மீறினால் அது நன்னடத்தைக் குழுவின் முன் போகும். பின்னாளில் வழக்கறிஞர் பதிவுக்காக நடக்கும் நன்னடத்தை விசாரணையிலும் அதைத் தெரிவித்தாக வேண்டியிருக்கும். ஆகவே எழுத்து வகுப்பு ஆசிரியர்கள் ஒவ்வொருவரிடமும், எந்தப் பணிக்கு எவ்வளவு உதவி அனுமதிக்கப்படும் என்பதைப் பருவத் தொடக்கத்திலேயே எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாணவர் வாய்மொழியாகச் சொல்லும் அனுமதியை நம்பி இறங்க வேண்டாம். அவர் பொய் சொல்லுவார் என்பதற்காக அல்ல, அவருக்கே தெளிவாகத் தெரிந்திருக்காது என்பதற்காக.

இதோடு சேர்ந்த இன்னொன்றை எழுத்து மையங்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. மாணவர் வந்துபோனதும் வகுப்பாசிரியருக்கு ஒரு குறிப்பு அனுப்புவது பல மையங்களின் பழக்கம். சட்டப் பள்ளியில் விடைத்தாள்களும் பல எழுத்துப் பணிகளும் பெயரில்லாமல் எண்ணை மட்டும் வைத்துத் திருத்தப்படுகின்றன. "இன்னார் வந்தார், மெமோவின் இரண்டாம் பகுதியைப் பற்றிப் பேசினோம்" என்று நீங்கள் அனுப்பும் ஒரு மின்னஞ்சல் அந்த மறைப்பை உடைத்துவிடும். சட்ட மாணவர்களுக்கு அந்தத் தானியங்கிக் குறிப்பை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள்.

இனி, சட்டம் தெரியாத ஒருவர் என்ன செய்ய முடியும் என்பதற்கு வருகிறேன். நிறையவே செய்ய முடியும் என்பது என் கருத்து. அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் 303ஆம் தரவிதிப்படி ஒவ்வொரு ஜே.டி. மாணவரும் முதலாண்டில் ஒன்றும், அதற்குப் பின் குறைந்தது ஒன்றுமாக, ஆசிரியர் மேற்பார்வையில் எழுத்துப் பயிற்சி பெற்றாக வேண்டும். முதலாண்டுப் பயிற்சி பெரும்பாலும் மெமோவைச் சுற்றியே நடக்கும்: எழும் கேள்வி, சுருக்கமான விடை, வழக்கின் உண்மைகள், விவாதம், முடிவு என்பது அதன் அமைப்பு. விவாதப் பகுதிக்குள் பிரச்சினை, விதி, பொருத்திக்காட்டல், முடிவு என்ற வரிசை வரும். மாணவர்கள் இதை "ஐராக்" என்பார்கள். முடிவை முதலில் சொல்லி, விதியை முன்தீர்ப்புகளால் விளக்கி, பிறகு பொருத்திக்காட்டும் வேறொரு வடிவமும் உண்டு. எந்த வகுப்பில் எந்த வடிவம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும்.

மாணவர்கள் தவறுவது பெரும்பாலும் மூன்றாம் படியில்தான். நான் வகுப்பில் தரும் ஒரு கற்பனை வழக்கைச் சொல்கிறேன். கோடையில் மட்டும் ஒருவர் தங்கும் வேன்வீட்டில் இரவில் திருட்டு நடக்கிறது. குடியிருப்புக்குள் புகுந்து திருடியதற்கான கடுமையான தண்டனை பொருந்துமா என்பது கேள்வி. மாணவர் எழுதுவார்: "குடியிருப்பு என்பது மனிதர்கள் இரவு தங்குவதற்குப் பயன்படுத்தும் இடம். ஆகவே இந்த வேன்வீடு குடியிருப்பே என்பது தெளிவு." இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் வர வேண்டியதுதான் மெமோவின் உயிர். முன்தீர்ப்பில் நீதிமன்றம் எந்த உண்மைகளை எடைபோட்டது. அங்கே படுக்கை இருந்ததா, சமைத்தார்களா, உரிமையாளருக்குத் திரும்பிவரும் எண்ணம் இருந்ததா. நம் வழக்கில் அவற்றுள் எவை இருக்கின்றன, எவை இல்லை. இல்லாதவற்றை எதிர்த்தரப்பு எப்படிப் பயன்படுத்தும்? "தெளிவு", "ஐயமில்லை" போன்ற சொற்கள் வரும் இடங்களில் எல்லாம் விரலை வைத்து, "எந்த உண்மையை வைத்து இப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேளுங்கள். இதைக் கேட்பதற்குச் சட்டப் பட்டம் தேவையில்லை. சொல்லப்போனால், சட்டம் தெரிந்தவர்கள் அந்த இடைவெளியைத் தாமே மனத்துக்குள் நிரப்பிக்கொண்டு படித்துப் போய்விடுவார்கள். உங்களுக்கு அது இடறும், இடறுவதுதான் மாணவருக்கு உதவி.

எல்.எல்.எம். நண்பரைப் பற்றி. நியூயார்க்கில் வழக்கறிஞர் தேர்வு எழுத விரும்பும் வெளிநாட்டுப் பட்டதாரிகள் எல்.எல்.எம்.மில் எடுக்க வேண்டிய 24 கிரெடிட்டுகளில் சட்ட ஆராய்ச்சி, எழுத்து, பகுப்பாய்வு ஆகியவற்றுக்கு 2 கிரெடிட் கட்டாயம். ஆனால் அந்த வகுப்பு மெமோ எழுதத்தான் கற்றுக்கொடுக்கும். கருத்தரங்கக் கட்டுரை எழுத யாரும் கற்றுக்கொடுப்பதில்லை, அதனால்தான் உங்களிடம் வருகிறார்கள். அவருடைய அரைப்பக்க மேற்கோள்கள் சோம்பலால் வந்தவை அல்ல. நம் ஊர் மனுக்களும் தீர்ப்புகளும் முன்தீர்ப்பின் வாசகத்தைப் பக்கம் பக்கமாக எடுத்துக்காட்டும் மரபுடையவை; அதில் தேறியவர் அவர். அந்த மரபு இந்தியாவிலேயே இன்று கேள்விக்குள்ளாகிவருகிறது என்று அவரிடம் சொல்லுங்கள். இமாச்சலப் பிரதேச உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று படித்துப் புரிந்துகொள்ள முடியாதபடி இருந்ததால், 2022இல் பாரத ஸ்டேட் வங்கி எதிர் அஜய் குமார் சூட் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பு எழுதும் முறையைப் பற்றியே விரிவாகப் பேசியது. பத்திகளுக்கு எண் இடுவதையும் மேலே சொன்ன ஐராக் வரிசையையும் நீதிபதிகளுக்கே எடுத்துக்கூறியது. அமெரிக்கர்கள் சொல்வதைவிட இது அவர் காதில் நன்றாக விழும்.

அடித்தளம் பற்றிய அவருடைய கேள்விக்கு என் விடை: எந்த வாதத்துக்கு அடித்தளம் என்பது வாசகருக்குத் தெரியாதவரை, அதில் எது தேவை எது தேவையில்லை என்று அவரால் அளக்க முடியாது. முன்னுரையில் தம் வாதத்தை இரண்டே வாக்கியங்களில் சொல்லிவிட்டு, பிறகு வரலாற்றுப் பகுதியின் ஒவ்வொரு பத்திக்கும் எதிரே "இது இல்லாவிட்டால் என் வாதத்தில் எது விழும்?" என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். எதுவும் விழாத பத்திகள் அடிக்குறிப்புக்குப் போகட்டும்.


குருத்தோலை:

நெய்தல்நிலா அவர்களுக்கு வணக்கம். நான் இறையியல் பள்ளியில் எம்.டிவ். முடித்து, அங்கேயே சில ஆண்டுகள் மாணவர்களின் எழுத்துக்கு உதவியாளராக இருந்தவள். அந்த அம்மையாரை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

"விசுவாசத்தை வெளியே வைக்கச் சொல்கிறாரா?" என்ற கேள்வி இறையியல் பள்ளியில் ஆண்டுதோறும் எழும். அதற்கு "ஆம், கல்வி வேறு விசுவாசம் வேறு" என்று பதில் சொல்லிவிடாதீர்கள். அது உண்மையும் அல்ல, உங்கள் பொறுப்பும் அல்ல. எக்ஸிஜீசிஸ் என்று வகுப்பில் சொல்லப்படும் மறைநூல் விளக்கக் கட்டுரைக்கு ஒரு நடைமுறை உண்டு. பகுதியின் எல்லையைக் குறிப்பது, கையெழுத்துப்படிகளின் வேறுபாடுகளைப் பார்ப்பது, வரலாற்றுச் சூழல், இலக்கிய அமைப்பு, சொல்லாராய்ச்சி, பிற அறிஞர்களின் கருத்து, இவற்றுக்குப் பிறகு பல வகுப்புகளில் இறுதியாக "இன்றைக்கு இது என்ன சொல்கிறது" என்ற பகுதி. அம்மையாரின் பிரசங்கம் முழுவதும் அந்தக் கடைசிப் பகுதிக்குரியது. முன்னால் இருக்க வேண்டியவை எழுதப்படவில்லை, அவ்வளவுதான். எதையும் வெளியே வைக்க வேண்டியதில்லை. இடம் மாற வேண்டும், முன்னே வேலை நடக்க வேண்டும்.

அதைவிட முக்கியமானது, பிரசங்கத்துக்குள்ளேயே ஆய்வுக்குரிய கருத்து ஒளிந்திருக்கும் என்பது. மாற்கு 16:8 அதற்கு அருமையான எடுத்துக்காட்டு. கல்லறையிலிருந்து ஓடிய பெண்கள் பயத்தினால் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை என்பதோடு அந்த வசனம் முடிகிறது. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய்ச் சுவடியிலும் வத்திக்கான் சுவடியிலும் நற்செய்தியே அங்கே முடிந்துவிடுகிறது. நம் வேதாகமங்களில் காணும் 9 முதல் 20 வரையிலான வசனங்கள் பிற கையெழுத்துப்படிகளில் வருபவை. அறிஞர்கள் பயன்படுத்தும் நெஸ்லே–ஆலந்து கிரேக்கப் பதிப்பு, பிற்சேர்க்கை என்று காட்ட அவற்றை இரட்டை அடைப்புக்குறிக்குள் இட்டிருக்கிறது. அம்மையார் ஏறத்தாழ இப்படி எழுதியிருப்பார் என்று ஊகிக்கிறேன்: "அந்தப் பெண்களைப் போல நாமும் வாயடைத்து நிற்கிறோம், ஆனால் அவர் நமக்கு முன்னே கலிலேயாவுக்குப் போகிறார்." இதற்குள் ஒரு வாதம் இருக்கிறது. ஏழாம் வசனம் "போய்ச் சொல்லுங்கள்" என்று கட்டளையிடுகிறது. எட்டாம் வசனம் யாரும் சொல்லவில்லை என்கிறது. ஆனாலும் செய்தி வாசகரின் கையில் இருக்கிறது. அப்படியானால் அந்த மௌனத்தை நிறைவு செய்யும் பொறுப்பை ஆசிரியர் வாசகரிடமே விட்டுவிடுகிறாரா, அல்லது இறுதி ஏடு தொலைந்துபோனதா? இது அறிஞர்கள் உண்மையில் வாதிட்டுவரும் கேள்வி. "நாமும் நிற்கிறோம் என்கிறீர்களே, நம்மை அந்தக் காட்சிக்குள் இழுப்பது வேதப்பகுதியின் எந்த அம்சம்?" என்று அவரிடம் கேட்டுப்பாருங்கள். பல ஆண்டுகள் பிரசங்கித்தவருக்கு விடை உடனே வரும். அவர் சொல்லச் சொல்ல நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள், அதுவே கட்டுரையின் மையவாதம்.

இறையியல் பள்ளியில் ஒரே மாணவர் ஒரே வாரத்தில் எழுதும் வகைகள் திகைப்பூட்டும். விளக்கக் கட்டுரை, திருச்சபை வரலாற்றுக் கட்டுரை, தம் விசுவாசத்தை ஒழுங்குபடுத்திச் சொல்லும் அறிக்கை, பிரசங்கம், திருச்சபையின் குருத்துவக் குழுவுக்கு அனுப்பும் விடைகள் என்று போகும். இவற்றில் "நான்" எங்கே வரலாம், எங்கே வரக் கூடாது என்பது ஒவ்வொன்றுக்கும் வேறுபடும். ஆகவே முதல் கேள்வி எப்போதும் "இதை யார் படிக்கப்போகிறார்கள்?" என்பதாக இருக்கட்டும்.

ஒரு வகைக்கு மட்டும் தனி எச்சரிக்கை. மருத்துவமனையில் ஆற்றுப்படுத்தும் பயிற்சி பெறுகிற மாணவர்கள் "வெர்பேட்டிம்" என்று ஒன்று எழுதுவார்கள். நோயாளியோடு நடந்த உரையாடலை நினைவிலிருந்து வரிக்கு வரி எழுதி, தம் பதில்களைத் தாமே ஆராய்வது அது. 1925இல் வூஸ்டர் அரசு மருத்துவமனையில் ஆன்டன் பாய்சன் இறையியல் மாணவர்களை நோயாளிகளிடையே அழைத்துச் சென்று பயிற்றுவிக்கத் தொடங்கியது முதல் வளர்ந்துவந்த பயிற்சிமுறை. அந்தத் தாள் உங்கள் மையத்தின் இணையதளத்தில் ஏற்றப்படுவதற்கு முன், நோயாளியின் பெயர், அறை, நோய் ஆகியவை நீக்கப்பட்டுள்ளனவா என்று பார்ப்பது உங்கள் வேலை. அங்கே இலக்கணத்தைத் திருத்தவும் வேண்டாம். மாணவர் தடுமாறிச் சொன்ன வாக்கியம் தடுமாறியபடியே இருப்பதுதான் மேற்பார்வையாளருக்குத் தேவை.

மேற்கோள் குறிப்பு முறைக்கு விவிலிய இலக்கியக் கழகத்தின் கையேடு, 2014இல் வந்த இரண்டாம் பதிப்பு, விவிலியத் துறைகளில் பொதுவானது. மற்றவற்றுக்குச் சிகாகோ முறையும், சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆய்வேட்டுச் செயலராக இருந்த கேட் டுராபியன் மாணவர்களுக்காகத் தொகுத்த அதன் எளிய வடிவமும். வேத வசனத்துக்கு அடிக்குறிப்பு வேண்டாம், அதிகார எண்ணும் வசன எண்ணும் உள்ளேயே வரட்டும், எந்த மொழிபெயர்ப்பு என்பதை ஒரு முறை சொன்னால் போதும்.


வைகைக்கரை:

மதுரைப் பக்கம் ஓர் இறையியல் கல்லூரியில் கற்பிக்கிறேன். குருத்தோலை அவர்கள் எழுதியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஓர் இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன்.

அவர் சொன்ன வரிசை, அதாவது முதலில் வரலாறும் மூலபாடமும், இறுதியில்தான் "இன்றைக்கு" என்பது, ஒரு குறிப்பிட்ட ஆய்வு மரபின் வரிசை. எல்லா வகுப்புகளும் அப்படி இல்லை. இங்கே அரவிந்த் நிர்மல் போன்றோர் 1980களில் தலித் இறையியலை முன்வைத்தபோது, ஒடுக்கப்பட்டவரின் அனுபவம் கட்டுரையின் முடிவில் சேர்க்கும் பயன்பாடு அல்ல, தொடங்கும் இடமே அதுதான் என்றார்கள். நியூயார்க்கின் யூனியன் இறையியல் பள்ளியில் ஜேம்ஸ் கோன் கற்பித்த கறுப்பு இறையியலும் அப்படியே. அத்தகைய வகுப்புக்கு எழுதும் மாணவரிடம் "நான்" என்பதை எடுத்துவிடு என்றால், அவருடைய ஆய்வுமுறையையே எடுத்துவிடச் சொல்வதாகும். ஆகவே பாடத்திட்டத் தாளையும் பேராசிரியர் முன்பு நல்ல மதிப்பெண் தந்த ஒரு மாதிரிக் கட்டுரையையும் பார்க்காமல் "நாம்", "நான்" பற்றி எதுவும் சொல்லாதீர்கள். அந்த அம்மையாரின் பேராசிரியர் எந்த மரபினர் என்பது ஓரத்தில் எழுதிய ஒரு வரியில் தெரியாது.

இங்கிருந்து அமெரிக்காவுக்குப் படிக்க வரும் மாணவர்களைப் பற்றி ஒரு செய்தி. இங்கே பெரும்பாலான இறையியல் கல்லூரிகள் இறையியல் பட்டங்கள் வழங்கும் செராம்பூர் பேரவையோடு இணைந்தவை. மதுரை அரசரடியில் 1969இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியைப் போலத் தமிழிலேயே இறையியல் கற்பிக்கும் இடங்களும் உண்டு. ஆனால் உயர்பட்டத்துக்குப் போகும்போது படிப்பது ஆங்கிலத்தில், சிந்திப்பதும் பிரசங்கிப்பதும் தமிழில், ஆய்வேடு மீண்டும் ஆங்கிலத்தில் என்று ஆகிவிடுகிறது. அதனால் அவர்களுடைய கட்டுரை, பார்த் சொன்னார், புல்ட்மன் சொன்னார், மோல்ட்மன் சொன்னார் என்று பெரிய இறையியலாளர்களை வரிசையாக நிறுத்திவிட்டு, எழுதியவர் ஒதுங்கி நிற்கும் கட்டுரையாக அமையும். அறியாமை என்று அதைப் படிக்காதீர்கள், மரியாதை அது. அதே மாணவரை ஞாயிறு ஆராதனையில் கேட்டால் தயக்கமின்றித் தம் கருத்தைச் சொல்வார். உங்களுக்குத் தமிழ் தெரியும் என்பது இங்கே பெரிய வசதி. "இந்தப் பகுதியை உங்கள் சபையில் ஒரு மூதாட்டிக்கு எப்படிச் சொல்வீர்கள்?" என்று தமிழில் கேட்டு, வரும் விடையைத் தமிழிலேயே எழுதவைத்து, பிறகு ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகச் செய்யுங்கள். நான் இங்கே செய்வது இதைத்தான். நேரம் பிடிக்கும், ஆனால் கட்டுரைக்குள் ஆள் வந்துவிடுவார்.


நூலடுக்கு:

சட்ட நூலகத்தில் வேலை. சுருக்கமாகச் சொல்கிறேன்.

பொதுவான பட்டறை பற்றி உங்கள் இயக்குநர் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இரண்டு துறைகளும் அதிகாரமுள்ள நூலை விளக்குபவை என்பது மேலோட்டமாகப் பார்த்தால் சரி. ஆனால் சட்டத்தில் அதிகாரத்துக்குப் படிநிலை உண்டு: எந்த நீதிமன்றம், எந்த மாநிலம், தீர்ப்பு இன்னும் செல்லுபடியாகிறதா என்பவையே ஒரு மேற்கோளின் எடையைத் தீர்மானிக்கும். அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் மாதிரி நடத்தை விதி 3.3, தமக்கு நேர் எதிரான கட்டுப்படுத்தும் முன்தீர்ப்பை எதிர்த்தரப்பு சொல்லத் தவறினாலும் வழக்கறிஞரே நீதிமன்றத்துக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. இறையியல் கட்டுரையில் ஓர் அறிஞரை விட்டுவிட்டால் அது குறை. இங்கே ஒரு தீர்ப்பை மறைத்தால் அது ஒழுங்கு நடவடிக்கைக்குரிய குற்றம். இவ்வளவு வேறுபட்ட பொறுப்புள்ள இரண்டு எழுத்துகளை ஒரே அறையில் வைத்து "ஆதாரங்களைப் பயன்படுத்துவது எப்படி" என்று பேசினால், இரண்டு தரப்புக்கும் அரைகுறையாகத்தான் போய்ச்சேரும்.

இன்னொன்று. தீர்ப்பு மேற்கோள்களின் சரிபார்ப்பை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1926 முதல் வந்துகொண்டிருக்கும் சட்ட மேற்கோள் கையேடான புளூபுக்கின் விதிகளை நூலகர்களான நாங்களே எடுத்துப் பார்த்துத்தான் சொல்கிறோம். அதைவிட, மேற்கோள் காட்டிய வழக்கு உண்மையில் இருக்கிறதா என்ற கேள்வி இப்போது வந்துவிட்டது. 2023இல் நியூயார்க்கில் மாட்டா எதிர் அவியாங்கா வழக்கில், சாட்ஜிபிடி கற்பனை செய்து தந்த தீர்ப்புகளை வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் தாக்கல் செய்து 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். மாணவர் கொண்டுவரும் வரைவில் ஒரு தீர்ப்பின் பெயர் மட்டும் இருந்து, அதில் என்ன நடந்தது என்று அவரால் சொல்ல முடியாவிட்டால், உடனே எங்களிடம் அனுப்பிவிடுங்கள். அப்படிக் கேட்டுக் கண்டுபிடிக்கும் திறமை உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. நாங்கள் தரவுத்தளத்தில் தேடிப் பார்த்துக்கொள்கிறோம்.


நெய்தல்நிலா:

அனைவருக்கும் நன்றி. பொதுப் பட்டறையைக் கைவிடச் சொல்லி இயக்குநரிடம் எழுதப்போகிறேன். நூலடுக்கு அவர்களின் பத்தியை அப்படியே எடுத்துக்காட்டலாம் என்று நினைக்கிறேன். அம்மையாரிடம் குருத்தோலை அவர்கள் தந்த கேள்வியை, முதலில் பாடத்திட்டத்தைப் பார்த்துவிட்டு, கேட்டுப்பார்ப்பேன்.

மேல்முறையீடு ஐயாவிடம் ஒரு துணைக்கேள்வி. இரண்டாம் மாணவியின் ஆசிரியர் அனுமதி தந்துவிட்டார். ஆனால் "கட்டமைப்பைப் பற்றி மட்டும் பேசலாம், உள்ளடக்கத்தைப் பற்றிக் கூடாது" என்கிறார். நீங்கள் சொன்ன "எந்த உண்மையை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்ற கேள்வி இவற்றுள் எதில் சேரும்? பொருத்திக்காட்டல் பகுதி காலியாக இருக்கிறது என்று சொல்வது கட்டமைப்பு என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் அதை நிரப்ப அவர் பேசத் தொடங்கினால் அது உள்ளடக்கம் ஆகிவிடுகிறதே.


மேல்முறையீடு:

அந்தக் கோடு எங்களுக்கே மங்கலானதுதான். என் வகுப்பில் நான் வைத்திருக்கும் வரையறை இது: மாணவரின் தாளில் இல்லாத ஓர் உண்மையையோ ஒரு தீர்ப்பையோ ஒரு வாதத்தையோ உதவியாளர் தம் வாயால் சொல்லக் கூடாது. கேள்வி கேட்கலாம், ஒரு பத்தி காலியாக இருக்கிறது என்று காட்டலாம், மாணவர் தாமே விடை சொன்னால் கேட்டுக்கொள்ளலாம், "ஆம், அது சரி" என்று மட்டும் சொல்லக் கூடாது. கடைசியில் உள்ளதுதான் கடைப்பிடிக்கக் கடினம், தலையசைப்பும் ஒரு விடைதான்.

ஆனால் என் வரையறை அந்த ஆசிரியரைக் கட்டுப்படுத்தாது. ஆகவே இந்த எடுத்துக்காட்டுகளை அவருக்கு எழுதி, "இவற்றில் எது சரி, எது கூடாது?" என்று கேளுங்கள். "கட்டமைப்பு" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகவே பதில் வரும். வரும் பதிலின் ஒரு படியை மாணவியும் வைத்துக்கொள்ளட்டும். சந்திப்பு நடந்த நாளையும் எந்தப் பக்கங்களைப் பார்த்தீர்கள் என்பதையும் அவரே தம் கைப்பட அதன் கீழே குறித்துக்கொள்ளட்டும். உங்கள் மையத்தின் பதிவேட்டில் அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.